நர்சரித் திடலுக்கு ஓர் ஆட்சேபணை

மேமலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றைக் காம்பராக்களில், முப்பத்திரண்டு குடும்பங்கள். அவர்களுக்கு எட்டுக் கக்கூசு. அதிலும் மூன்றுக்குக் கதவு கிடையாது, சாக்குத்தான். மழை பிடித்துவிட்டால் குழிகள் நிரம்பி வடிகால் கானில் வழியும். கான் ஓடையில் சேரும். ஓடை கொஸ்கந்தை நகரத்தின் முதுகுப்பக்கமாகப் போகும். நகரத்தில் நாலு பேருக்கு வயிற்றோட்டம் என்றால் சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் முதலில் ஏறி வருவது கீழ்ப்பிரிவுக்குத்தான். வந்து, திட்டிவிட்டுப் போவார். கக்கூசு எட்டாகவே இருக்கும்.

கலாராணி அந்தப் பிரிவின் மாதர் சங்கச் செயலாளர். நாற்பத்து நாலு வயது. கொழுந்து எடுப்பவள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் கக்கூசு வரிசையில் நின்று நின்று அலுத்த பெண்களில் ஒருத்தி. ஒரு வருடம் பக்கத்துக் காம்பரா பெரியாயியின் மகளுக்கு மஞ்சள்காமாலை வந்து பதினொரு நாள் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, துணைக்கு இருந்தவள் அவள்தான். அதற்குப் பிறகு தோட்ட அலுவலகம், கிராம சேவகர், நகரசபை என்று அவள் ஏறாத படி இல்லை.

நகரசபைப் படி ஏறுவதில் அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. அங்கே அவளுடைய தம்பி ரஜீவ் இருந்தான்.

ரஜீவ் சபையின் திட்டமிடல் பிரிவில் படவரைஞன். கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து அரசாங்க மேசைக்குப் போன முதல் ஆள். அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். கலாராணி அந்த வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினாள். அதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவன் நடந்து வருவதைத் தூரத்தில் பார்த்தால் அவளுக்கு நடை கொஞ்சம் நிமிரும்.

லயத்துக்குக் கீழே ஒரு திடல் இருந்தது. முன்பு தேயிலைக் கன்று வளர்த்த இடம். இப்போதும் நர்சரித் திடல் என்றுதான் பெயர். மேமலை முழுவதிலும் சரிவில்லாத நிலம் அது ஒன்றுதான். வீடமைப்புக்கென்று அதைத் தோட்டம் விட்டுக்கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி. நில அளவையாளர் வந்து கல் நட்டார். நகர அபிவிருத்தித் திட்டம் தயாரானபோது, ரஜீவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து கலாராணியின் வாசலில் விரித்தான். நர்சரித் திடல் மஞ்சளாக இருந்தது.

"மஞ்சள்னா குடியிருப்பு. இதுல வேற எதுவும் கட்ட ஏலாது. சட்டம்" என்றான்.

பெரியாயி குனிந்து அந்த மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நம்ம வூடு இதுல எங்கடா வரும்?" என்று கேட்டாள். அவனும் பொறுமையாக ஒரு மூலையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஜனவரி பதினேழாம் திகதி, ரஜீவ் சபையிலிருந்து ஒரு பெண் அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்தான். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் கூட்டம். மிஸ் சிங்களத்தில் பேச, ரஜீவ் தமிழில் சொன்னான். கொஸ்கந்தைக்குக் கழிவுநீர்க் குழாய்த் திட்டம் வருகிறது. கடை, ஹோட்டல், வீடு எல்லாவற்றிலுமிருந்து கழிவு நிலத்துக்கடியில் குழாயில் போகும். குழி வெட்டத் தேவையில்லை. எதுவும் வழியாது.

"எங்களுக்கும் சேத்துத்தானா?" என்று கலாராணி எழுந்து கேட்டாள்.

"சேத்துத்தான் அக்கா. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி கக்கூசு. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

கூட்டத்தில் கைதட்டினார்கள். வீரய்யா மட்டும் தட்டவில்லை. அவர் முப்பது வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர். தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் யோசிப்பதில்லை என்று கேலி செய்வார்கள்.

"குழாயில போறது சரி தம்பி. கடைசியில எங்க போயி விழும்?"

ரஜீவ் மிஸ்ஸைப் பார்க்காமலே பதில் சொன்னான். "ஆத்துக்கு அங்கிட்டு, சபைக் காணி இருக்குல்ல, அங்க சுத்திகரிப்பு நிலையம் கட்டுறாங்க."

பிறகு ஒரு தாள் வந்தது. கீழ்ப்பிரிவு மக்களுக்கு விளக்கம் கொடுத்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்து வேண்டும் என்றான். தாளின் தலைப்பில் சிங்களத்தில் நாலு வரி. வராதவர்களுடைய கையெழுத்தை வாங்க கலாராணியே காம்பரா காம்பராவாக ஏறி இறங்கினாள். மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வைத்துக்கூட இரண்டு பேரிடம் வாங்கினாள். மொத்தம் அறுபத்தொன்று. வீரய்யா, "ஓந் தம்பி மொகத்துக்காகப் போடுறேன்" என்று சொல்லி கடைசியாகப் போட்டார்.

ஜூன் மாதம், லயத்துக் குழாய்க்கு ஒரு வாஷர் வாங்க கலாராணி நகரத்தில் முன்ஸிப் நானாவின் இரும்புக்கடைக்குப் போனாள். முன்ஸிப் வாஷரைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, ஒங்க நர்சரித் திடல எடுத்துட்டாங்களே, நீங்க யாரும் ஒன்னும் சொல்லலியா?"

"எந்தத் திடல நானா?"

"அந்தப் பீ நாத்த ஸ்டேஷன் அங்கதானே வருது. குழாய் நம்ம கடைப் பக்கம் வருதான்னு பாக்க சபைக்குப் போனேன். போர்ட்ல ஒட்டிக் கெடக்கு. திருத்தின பிளான்."

அவர் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். கலாராணி அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓடை தெரிந்தது. லயம் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த மஞ்சள் இல்லை. சாம்பல் நிறத்தில் குறுக்குக்கோடுகள். பஸாரிலிருந்து ஒரு நீலக்கோடு கிளம்பி, ஹோட்டல்களை எல்லாம் தொட்டு, பெரிய ரோட்டோடு வந்து, லயத்துக்கு அடியில் நுழைந்து, அந்தச் சாம்பலில் போய் முடிந்தது. லயத்தின் பக்கம் ஒரு கிளைக்கோடுகூட இல்லை.

"பிழையா இருக்கும்" என்றாள். "எந் தம்பிதான் அங்க வரையிறான். அவன் சொல்லியிருப்பானே."

முன்ஸிப் கைபேசியைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். வாஷரை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார். அவருடைய மகள் ஆதிலா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆட்சேபணை குடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் ஈக்கி அக்கா. கீழ எழுதியிருக்கு" என்றாள்.

கலாராணி நேரே சபைக்கு நடந்தாள். அறிவித்தல் பலகை மாடிப்படிக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்தது. அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது, தமிழில் இல்லை. படம் முன்ஸிப்பின் கைபேசியில் இருந்த மாதிரியேதான். அவள் அதில் ஒவ்வொரு மூலையையும் பார்த்தாள். ஏதோ ஒரு இடத்தில் ஒரு கிளைக்கோடு இருக்கும், பெட்டிக்குள் சிறிதாக வரைந்திருப்பான் என்று தேடினாள். வலதுபக்கக் கீழ்மூலையில் ஒரு கட்டம் இருந்தது. வரைந்தவரின் பெயர் ஆங்கிலத்தில். ஏ. ரஜீவ். அவளுக்கு ஆங்கிலத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒரே பெயர். அவனுடைய புத்தகங்களில் அவளே எழுதிப் பழகியது. ஏ என்றால் அழகர், அவர்களுடைய அப்பா.

பெயருக்குப் பக்கத்தில் திகதி. டிசம்பர் நாலு.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கூட்டம் நடந்தது ஜனவரியில். அவன் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நின்று ஆற்றுக்கு அங்கிட்டு என்று கை நீட்டியபோது, இந்தப் படத்தை வரைந்து முடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. ரஜீவும் மனைவி யசோதினியும் பதுளையில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தார்கள். யசோதினி பள்ளிக்கூட ஆசிரியை. கதவைத் திறந்தவள் கலாராணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி விலகினாள். ரஜீவ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"நர்சரித் திடல்ல என்ன கட்டுறாங்க?" என்று கலாராணி கேட்டாள்.

அவன் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

"அக்கா, நா மொதல்ல சொல்லுறதக் கேளு. சபைக் காணிதான் மொத பிளான். உண்மை. அந்தப் பக்கம் புதுசா வந்த ஹோட்டல்காரங்க மேலிடம் வரைக்கும் போயிட்டாங்க. நவம்பர்ல மாத்திட்டாங்க. நர்சரித் திடல் தாழ்வு, தண்ணி தானா எறங்கும், பம்ப் தேவையில்லன்னாங்க. நா வெறும் படவரைஞன். வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன்."

"வரைஞ்சத நா கேக்கல. ஜனவரியில வந்து ஏன் வேற மாதிரி சொன்ன?"

"மிஸ் அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

"மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நீ என்ன சொன்னாலும் அவங்களுக்கு ஒன்னுதான். எங்கிட்ட தனியா வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே விளங்கியது. சமையலறையில் யசோதினி ஏதோ பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்தினாள்.

கலாராணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நிரந்தர நியமனம் மார்ச்சுல வர இருந்துச்சு" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "ஏழு வருசமா தற்காலிகம். அந்தக் கையெழுத்து வராட்டி திட்டமே நின்னுரும்னு சொன்னாங்க. வீடு இல்லாமப் போகாது அக்கா. மாற்றுக்காணி தருவாங்க. பதினாலாம் நம்பர் மலையில."

"பதினாலாம் மலை சரியிற மலை. மண்சரிவு அபாயம்னு அதுக்குச் செவப்பு அடிச்சது நீதானே? நீயே காட்டினியே எனக்கு."

அவன் இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிடுங்கினான். அவள் எழுந்தாள். தேநீர் எடுத்து வந்த யசோதினி வாசல்வரை கோப்பையோடு வந்து நின்றாள். கலாராணி குடிக்கவில்லை.

லயத்தில் விஷயத்தைச் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. பெரியாயி முழுவதையும் கேட்டாள். பிறகு, "நீ வந்து கேட்டதாலதானே நா கையெழுத்து வச்சேன்" என்றாள். "ஓந் தம்பிக்கு உத்தியோகம். எம் புள்ளைக்குப் பீ நாத்தம். நல்லா இருக்குடி."

"எனக்குத் தெரியாது பெரியாயி."

"தெரியாதுன்னு நாங்க எப்புடி நம்புறது?"

ஏமாந்தவளானாலும் ஏமாற்றியவளானாலும் அந்தத் தாளோடு இதே மாதிரித்தான் அலைந்திருப்பாள். லயத்துக்காரர்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள்? இரண்டு நாள் குழாயடியில் யாரும் அவளிடம் பேசவில்லை. அவள் குடம் வைத்த இடத்தில் வேறு யாரும் வைக்கவில்லை.

மூன்றாம் நாள் வீரய்யா அவள் வாசலுக்கு வந்தார். "ஆட்சேபணைன்னு சொன்னியே, அது எப்புடிக் குடுக்கிறது?" என்றார். "வா, எழுதுவோம். எனக்குத் தண்ணி போற வழி தெரியும். ஒனக்கு எழுத்துத் தெரியும்."

எழுதினார்கள். திடலுக்குப் பக்கத்தில் கீழ்ப்பிரிவின் குடிநீர் ஊற்று இருப்பதை வீரய்யா சொன்னார். வரைபடத்தில் அது இல்லை. ஜனவரிக் கூட்டத்தில் சொன்னதையும் படத்தில் இருக்கும் திகதியையும் கலாராணி எழுதினாள். ஆதிலா கடையில் உட்கார்ந்து சிங்களத்தில் பெயர்த்துக் கொடுத்தாள். கலாராணி மறுபடி காம்பரா காம்பராவாகப் போனாள். இந்த முறை ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டினாள். பலர் கதவருகிலேயே கையை ஆட்டினார்கள்: இனி எதிலும் கையெழுத்து வைப்பதில்லை. பெரியாயி உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. பத்தொன்பது பேர் போட்டார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் சபையில் கொடுத்து, முத்திரை குத்திய பிரதியை வாங்கினாள்.

விசாரணை ஆகஸ்டில், சபை மண்டபத்தில் நடந்தது. மேசைக்குப் பின்னால் விசாரணைக் குழுவின் மூன்று பேர். கடைக்காரர்கள், ஹோட்டல்காரர்கள், கீழ்ப்பிரிவிலிருந்து ஏழு பேர். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. குழுத் தலைவர் சுற்றிப் பார்த்துவிட்டு, வரைபடங்களோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரஜீவைக் கூப்பிட்டார்.

ரஜீவ் எழுந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றான். அவனுடைய இஸ்திரி போட்ட சட்டையின் வாசனை அவளுக்கு வந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை.

முதலில் மிஸ் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அறுபத்தொரு கையெழுத்து. அதன் தலைப்பை வாசிக்கும்படி தலைவர் சொன்னார். ரஜீவ் தமிழில் வாசித்தான். "உத்தேச காணிப் பயன்பாட்டு மாற்றத்துக்கும் சுத்திகரிப்பு நிலைய அமைவிடத்துக்கும் எமது உடன்பாட்டைத் தெரிவிக்கிறோம்." பின்வரிசையில் வீரய்யா எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

கலாராணி பேசத் தொடங்கினாள். ஊற்றைப் பற்றிச் சொன்னாள். ரஜீவ் சரியாகச் சொன்னான். எட்டுக் கக்கூசைப் பற்றிச் சொன்னாள். அதையும் சொன்னான்.

"இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. விளக்கம் கேட்டதுக்குச் சாட்சின்னு சொன்னாங்க. நிலையம் ஆத்துக்கு அங்கிட்டு வரும்னு சொன்னாங்க. சொன்னது எந் தம்பி."

ரஜீவ் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு சிங்களத்தில் சொன்னான். கலாராணிக்குச் சந்தைச் சிங்களம்தான் தெரியும். ஆனால் "உத்தியோகத்தர் ஒருவர்" என்று அவன் சொன்னது விளங்கியது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அன்று முதல் தடவையாக. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மேசையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்.

"மகே மல்லி." என் தம்பி. அவனைக் கையால் காட்டினாள். "மேயா." இவன்தான்.

குழுத் தலைவர் ரஜீவிடம் ஏதோ கேட்டார். அவன் தலையாட்டினான். படத்தைக் கொண்டுவரச் சொல்லி, திகதியை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். மிஸ் கைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதன் பிறகு கலாராணி பேசியதை யார் மொழிபெயர்த்தார் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. முன்ஸிப்தான் எழுந்து வந்து சொன்னார் என்று பிறகு வீரய்யா சொன்னார்.

முடிவு நவம்பரில் கடிதமாக வந்தது. தமிழிலும் வந்தது. அறுபத்தொரு கையெழுத்து உடன்பாடாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஊற்று வரைபடத்தில் சேர்க்கப்பட்டு, அதைச் சுற்றி ஒரு பாதுகாப்பு எல்லை போடப்பட்டது. அதனால் திடலின் மேற்பக்கத்தில் பதினொரு வீட்டுக்கு இடம் மஞ்சளாகத் திரும்பி வந்தது. மிகுதி நிலத்தில் சுத்திகரிப்பு நிலையம் வரும்; வேறு இடத்துக்கு மாற்றுவது சாத்தியமில்லை. கீழ்ப்பிரிவு லயம் குழாய்த் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கப்படும். இருபத்தொரு குடும்பங்களுக்கு மாற்றுக்காணி இனங்காணப்படும்.

பதினொரு வீடு யாருக்கு என்பதில் லயத்தில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். பெரியாயிக்கு விழுந்தது. கலாராணிக்கு விழவில்லை. அன்று சாயங்காலம் பெரியாயி ஒரு கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அணையப்போன அடுப்பை ஊதிவிட்டுப் போனாள்.

ரஜீவ் டிசம்பரில் வந்தான். நியமனம் கிடைத்திருந்தது, ஆனால் வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். யசோதினி வரவில்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"வாங்க" என்றாள் கலாராணி. "உக்காருங்க."

அவன் முகம் மாறியது. முப்பத்தாறு வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அக்கா, என்னைய ஏசு. அடிச்சாலும் சரி. இப்புடிப் பேசாத."

அவள் தேநீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். சீனியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தாள், தோட்டத்துக்கு வரும் அதிகாரிகளுக்கு வைப்பதுபோல.

"ரெண்டாம் கட்டத்துப் பிளான் இன்னும் வரையல" என்றான் அவன். "பழைய பிரிவுல எனக்குத் தெரிஞ்ச பொடியன் ஒருத்தன் இருக்கான். லயத்துக்குக் கோடு விழுதான்னு நா பாத்துக்கிறேன்."

"நீங்க பாக்க வேணாம்" என்றாள். "நாங்களே வந்து பாத்துக்குறோம்."

அவன் தேநீரைக் குடித்தான். கோப்பையைக் கழுவிவைக்கப் போனவனைத் தடுத்து அவளே வாங்கிக்கொண்டாள். ரோட்டுக்கு இறங்கும் பாதையில் அவன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். கலாராணி அதற்குள் உள்ளே போயிருந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவனைக் கூப்பிடவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் என்ன சொல்வாள்? சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று அவன் சொன்னது உண்மைதான். அதைத் தெரிந்துகொண்டே ஜனவரியில் வந்து அவள் கையில் அந்தத் தாளைக் கொடுத்தான் என்பதை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு புதன்கிழமை அரைநேரம் லீவு போட்டுவிட்டு, கலாராணியும் பெரியாயியும் சபைக்குப் போகிறார்கள். மாடிப்படிக்குப் பின்னால் நின்று பலகையில் இருப்பதையெல்லாம் படம் எடுத்து, ஆதிலாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். அவள் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறாள். நர்சரித் திடலில் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் திகதி போடவில்லை.